நண்பர் விலை

"நமக்குள்ளே என்ன?" என்னும் இரண்டு வார்த்தைகளைப் போல மோசடிக்கு உதவியாக இருக்கும் வார்த்தைகள் தமிழில் வேறு இல்லை. கைமாற்று வாங்குகிறவர் சீட்டு எழுதித் தராமல் இருப்பதற்கு இந்த வார்த்தைகள்தாம் துணை. பங்காளி வேலியை இரண்டு அடி தள்ளிப் போடுவதற்கும் இவைதாம் துணை. இப்போது இவற்றுக்குப் புதிதாக ஓர் உத்தியோகம் கிடைத்திருக்கிறது. கார் ரசிகர் ஒருவர் தம் வண்டியிலிருந்து கழற்றிய பழைய சாமானை மற்றொரு கார் ரசிகரின் தலையில் கட்டும்போது இந்த வார்த்தைகளைச் சொல்லித்தான் கட்டுகிறார். விலைக்கும் 'நண்பர் விலை' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த நட்பைப் பற்றியும் அந்த விலையைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. பேச்சு இனிப்பாக இராது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

கார் ரசிகர் என்றால் யார் என்று வாசகர்களில் சிலர் கேட்கக்கூடும். வீணை இருக்கிற வீடெல்லாம் சங்கீத வீடு ஆகிவிடாது. அதுபோலக் கார் வைத்திருக்கிறவரெல்லாம் கார் ரசிகர் ஆகிவிட மாட்டார். தொழிற்சாலையிலிருந்து வந்த வண்டியை வந்தபடியே ஓட்டுவது தம் கௌரவத்துக்குக் குறைவு என்று நினைப்பவரே ரசிகர். இரும்புச் சக்கரத்தைக் கழற்றிவிட்டு அலாய் வீல் மாட்டுவார். சாதுவான சைலன்ஸரை எடுத்துவிட்டுத் தெருக்கோடியில் வரும்போதே வீட்டுக் குழந்தை விழித்துக்கொள்ளும்படியான சைலன்ஸரைப் போடுவார். வண்டி தரையைத் தொடுகிறாற்போல் தாழ்ந்திருக்க வேண்டும் என்று ஸ்பிரிங்கை மாற்றுவார். பந்தய வண்டியில் இருப்பதுபோல் சின்ன ஸ்டீயரிங், எதிரே வருகிறவனின் கண்ணைப் பறிக்கும் விளக்கு என்று பட்டியல் நீளும். இவற்றைக் காரைச் செய்த கம்பெனி செய்வதில்லை. வெளிக் கம்பெனிகள் செய்து விற்கின்றன. 'ஆஃப்டர் மார்க்கெட்' சாமான் என்று இவற்றுக்குப் பெயர்.

இந்த ரசனையை நான் பழிக்கவில்லை. மனிதனுக்குத் தன் பொருளைத் தன் மனசுபோல் சிங்காரித்துப் பார்க்கும் ஆசை இயற்கையானது. மாட்டுக் கொம்புக்கு வர்ணம் பூசியவர்களின் பேரப்பிள்ளைகள் காரின் சக்கரத்துக்கு வர்ணம் பூசுகிறார்கள், அவ்வளவுதான். ஆனால் ரசனை மாறக்கூடியது. சென்ற வருஷம் கறுப்புச் சக்கரம் அழகு. இந்த வருஷம் வெள்ளி நிறம் அழகு. சில சமயம் வீட்டு அம்மாள், "இந்த வண்டியில் ஏறினால் இடுப்பு ஒடிகிறது" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறாள். சில சமயம் போலீஸ்காரர் சொல்கிறார். எப்படியோ, ஆசையோடு வாங்கிய சாமான் கழற்றப்பட்டுப் பரணுக்குப் போகிறது. பரணிலிருந்து அது இன்னொரு ரசிகரைத் தேடிப் புறப்படும்போதுதான் நம் கதை ஆரம்பமாகிறது.

அந்த விற்பனைக்கென்று ஒரு தனி பாஷை உண்டு. தெரியாதவர்களுக்காக அதற்குச் சிறு அகராதி தருகிறேன். 'கொஞ்சமே ஓடியது' என்றால், எவ்வளவு என்று கேட்டுவிடாதே என்று பொருள். 'சின்னக் கீறல் ஒன்றைத் தவிரக் குறையே இல்லை' என்றால், கீறல் படத்தில் தெரிகிற பக்கத்தில் இருக்கிறது, குறை மறுபக்கத்தில் இருக்கிறது என்று பொருள். 'எந்த வண்டிக்கும் பொருந்தும்' என்றால், எந்த வண்டிக்கும் சரியாகப் பொருந்தாது. 'வேறு செட் வாங்கிவிட்டதால் கொடுக்கிறேன்' என்றால், எதற்காக வேறு செட் வாங்க நேர்ந்தது என்பது ரகசியம். கடைசியாக, 'உண்மையான ரசிகர்கள் மட்டும் வரவும்' என்று ஒரு வரி இருக்கும். கேள்வி கேட்கிற ஆசாமிகள் வர வேண்டாம் என்பது அதன் தாத்பரியம்.

இதையெல்லாம் பார்க்கும்போது சென்னைப் புதுப்பேட்டையை நினைத்துக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. பழைய வண்டிகளைப் பிரித்துப் பாகம் பாகமாக விற்கும் அந்தக் கடைவீதியைப் பற்றி ரசிகர்கள் உதட்டைப் பிதுக்குவதுண்டு. "அங்கே போனால் ஏமாற்றிவிடுவான், ஸார்" என்பார்கள். இருக்கலாம். ஆனால் புதுப்பேட்டைக் கடைக்காரர் உங்களைச் சகோதரர் என்று சொல்லிக்கொள்வதில்லை. தாம் வியாபாரி, நீங்கள் வாடிக்கைக்காரர் என்பதில் அவருக்கும் சந்தேகம் இல்லை, உங்களுக்கும் இல்லை. ஆகையால் நீங்கள் மெக்கானிக் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, இரண்டு கண்களையும் திறந்து வைத்துக்கொண்டு போகிறீர்கள். சாமானைப் புரட்டிப் பார்க்கிறீர்கள். தட்டிப் பார்க்கிறீர்கள். சொன்ன விலையில் பாதியிலிருந்து பேரத்தைத் தொடங்குகிறீர்கள். இருவரும் ஆயுதபாணிகள், ஆகவே சண்டை தர்மயுத்தம். ரசிகர் வீட்டுக்குப் போகும்போது என்ன நடக்கிறது? காப்பி வருகிறது. "நானும் உங்களை மாதிரிதான்" என்ற பேச்சு வருகிறது. எந்த வருஷத்தில் எந்த வண்டி எப்படி ஓடியது என்ற புராணம் வருகிறது. கடைசியில் சாமான் வரும்போது, அதைத் திருப்பிப் பார்ப்பதே மரியாதைக் குறைவோ என்று உங்களுக்குக் கூச்சமாகிவிடுகிறது. நிராயுதபாணியாக்கிவிட்டு அடிப்பதற்கு என்ன பெயர் என்று மகாபாரதம் படித்தவர்களுக்குத் தெரியும்.

இப்படிச் சொன்னால், "வாங்குகிறவன் பார்த்து வாங்க வேண்டியதுதானே? நான் என்ன கடையா வைத்திருக்கிறேன்?" என்று விற்பவர் கேட்கிறார். இந்தக் கேள்விக்குச் சட்டத்திலும் ஓரளவு ஆதரவு உண்டு. 1930-ஆம் வருஷத்துப் பொருள் விற்பனைச் சட்டம், தொழிலாக விற்கிறவர்மீது சில பொறுப்புகளைச் சுமத்துகிறது. பரணைக் காலி செய்கிற குடும்பஸ்தர்மீது அவ்வளவு சுமத்தவில்லை. ஆனால் நம் ரசிகர்கள் அதற்கு முந்திய இன்னொரு சட்டத்தைப் படித்துப் பார்ப்பது நல்லது. 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம் இன்றும் அமுலில் இருக்கிறது. அதன் 17-வது பிரிவு எது மோசடி என்று சொல்கிறது. வெறுமே வாய்மூடி இருப்பது பொதுவாக மோசடி ஆகாது என்று சொல்லிவிட்டு, விளக்குவதற்காக அது குதிரைக் கதை ஒன்றைச் சொல்கிறது. சட்டப் புத்தகத்தில் கதை சொன்ன அந்த மனிதர்களை நாவலாசிரியன் என்ற முறையில் நான் பாராட்டுகிறேன்.

ஒருவன் தன் குதிரைக்கு நோய் என்று தெரிந்தே ஏலத்தில் விற்கிறான். வாங்குகிறவனிடம் வாயைத் திறக்கவில்லை. இது மோசடி ஆகாது என்கிறது சட்டம். அடுத்தபடியாக, அதே குதிரையை வாங்குகிறவள் அவனுடைய சொந்த மகள்; இப்போதுதான் மேஜரானவள். இந்த இடத்தில் சட்டத்தின் குரல் மாறுகிறது. அவர்களுக்குள் இருக்கும் உறவின் காரணமாகவே, குதிரையின் நோயைச் சொல்ல வேண்டியது தகப்பனின் கடமையாகிறது. குதிரையும் அதுதான், நோயும் அதுதான், மௌனமும் அதுதான். உறவு ஒன்று குறுக்கே வந்தவுடன் மௌனத்தின் பெயர் மாறிவிட்டது. மூன்றாவது கதை இன்னும் அழகு. "நீங்கள் மறுத்துச் சொல்லாவிட்டால் குதிரை நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்வேன்" என்கிறான் வாங்குகிறவன். விற்பவன் பேசாமல் இருக்கிறான். அந்த மௌனம் பேச்சுக்குச் சமானம் என்கிறது சட்டம்.

இப்போது நம் ரசிகர்களிடம் வருவோம். இவர்கள் ஒருவரையொருவர் 'ப்ரோ' என்று அழைத்துக்கொள்கிறார்கள். சகோதரன் என்று அர்த்தமாம். இந்த 'ப்ரோ'வை நீதிமன்றம் உறவாக ஏற்றுக்கொள்ளுமா என்பதை வக்கீல்கள் விவாதித்துக்கொள்ளட்டும். மனச்சாட்சி என்று ஒரு கோர்ட் இருக்கிறது. அங்கே அப்பீல் கிடையாது. உறவைச் சொல்லி ஒருவனை வீட்டுக்குள் அழைத்து, உறவைச் சொல்லி அவன் சந்தேகத்தைக் கழற்றிக் கீழே வைக்கச் செய்து, உறவைச் சொல்லி விலையையும் வாங்கிக்கொண்ட பிறகு, குறையைச் சொல்ல வேண்டிய நேரம் வந்தபோது மாத்திரம் "நான் அந்நியன், நீ பார்த்து வாங்கியிருக்க வேண்டும்" என்று சொல்ல எந்தச் சகோதரனுக்கும் உரிமை இல்லை. உறவின் லாபம் வேண்டுமானால் உறவின் கடனையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். என் கட்சி இவ்வளவுதான்.

'பார்த்து வாங்கு' என்ற உபதேசத்தில் இன்னொரு அபத்தமும் இருக்கிறது. பார்த்தால் தெரிகிற குறைகள் அற்பக் குறைகள். ஆளைக் கொல்கிற குறைகள் கண்ணுக்குத் தெரிவதில்லை. ரசிகர்களிடையே அதிகமாகக் கைமாறும் அலாய் வீலையே எடுத்துக்கொள்ளுங்கள். சின்னக் கார்களில் சக்கரத்தை நான்கு போல்ட்டுகள் பிடித்திருக்கும். அந்த நான்கு துளைகளின் நடுப்புள்ளிகள் வழியாக வட்டம் ஒன்று வரைந்தால், அதன் விட்டம் மாருதி, ஹூண்டாய், ஹோண்டா வண்டிகள் பலவற்றில் 100 மில்லிமீட்டர். ஃபியட்டின் ஊனோ, பாலியோ, புன்டோ வண்டிகளில் 98 மில்லிமீட்டர். இரண்டே மில்லிமீட்டர்தான் வித்தியாசம். 100-க்கு உரிய சக்கரத்தை 98 இருக்க வேண்டிய இடத்தில் வைத்தால் பொருந்திவிட்டது போலவே இருக்கும். போல்ட் உள்ளே போகும், முடுக்கினால் முடுகும். ஆனால் அது தன் இருக்கையில் நேராக உட்காருவதில்லை. சாய்ந்து உட்காருகிறது. ஓட ஓடத் தளருகிறது. 'எந்த வண்டிக்கும் பொருந்தும்' என்று எழுதியவர் அந்த இரண்டு மில்லிமீட்டருக்குப் பொறுப்பாளி இல்லையா?

அளவு சரியாகவே இருக்கட்டும். நம் சாலைப் பள்ளங்களில் வேகமாக விழுந்து எழுந்த சக்கரத்தின் உள்விளிம்பில் விரிசல் விடுவது சகஜம். ஆர்கான் வெல்டிங் வைத்து, மேடு தெரியாமல் தேய்த்து, மேலே பவுடர் கோட்டிங் அடித்துவிட்டால் பிரம்மாவாலும் கண்டுபிடிக்க முடியாது. பதம் செய்யப்பட்ட அலுமினியக் கலவையில் வெல்டிங் வைத்தால், சூடு பட்ட இடத்தைச் சுற்றி அதன் வலிமை குறைந்துவிடுகிறது. தெரியாத்தனமாக வாங்குகிறவன் நெடுஞ்சாலையில் வண்டியை விரட்டுகிறான். மனைவி பக்கத்தில், குழந்தைகள் பின்னால். வெல்டிங் வைத்தது தெரிந்த ஆசாமி வேறொரு வீட்டில் நிம்மதியாகத் தூங்குகிறார். இது வாய்மூடி இருத்தல்கூட அல்ல. தெரிந்த குறையைத் திட்டமிட்டு மறைப்பது மோசடி என்று அதே 17-வது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. இங்கே உறவும் தேவையில்லை, மகளும் தேவையில்லை.

சக்கரத்தோடு டயரும் சேர்ந்து வரும். "பட்டன் பாருங்கள், தேயவே இல்லை" என்று பெருமையாகக் காட்டுவார்கள். ஓடாத டயரில் பட்டன் எப்படித் தேயும்? டயருக்கு ஓட்டத்தால் மட்டும் முதுமை வருவதில்லை, வருஷத்தாலும் வருகிறது. அதன் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் அச்சாகியிருக்கும். 2316 என்று இருந்தால் 2016-ஆம் வருஷத்தின் 23-வது வாரத்தில் பிறந்தது என்று அர்த்தம். டயரே தன் ஜாதகத்தை நெற்றியில் எழுதிக்கொண்டு வருகிறது. ஆனால் படம் எடுக்கும்போது அந்த நெற்றி மட்டும் எப்படியோ சுவர்ப்பக்கம் திரும்பிவிடுகிறது! எண்ணெய் கசிகிற ஷாக் அப்ஸார்பரும் அப்படித்தான். படத்துக்கு முன்னால் துணியால் துடைக்கப்பட்டு, கல்யாணப் பெண்ணைப் போல் பளபளக்கும். 'தாழ்த்தும் ஸ்பிரிங்' என்று விற்கப்படுவது, சில சமயம் கம்பெனி ஸ்பிரிங்கையே பட்டறையில் ஒரு சுற்று அறுத்ததாக இருக்கும். பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போது அறுத்த ஸ்பிரிங் தன் இடத்தை விட்டு நழுவக்கூடும் என்பதை யார் சொல்கிறார்கள்?

அடுத்த வாதம் இது: "நான் இரண்டு வருஷம் இதைப் போட்டுத்தானே ஓட்டினேன்? எனக்கு ஒன்றும் ஆகவில்லையே!" உமக்கு ஒன்றும் ஆகாததில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் உம்முடைய அதிர்ஷ்டத்தைச் சாமானோடு சேர்த்துப் பார்சல் கட்டிக் கொடுக்க முடியுமா? தவிரவும், இந்த வியாபாரத்தில் விற்பவர், வாங்குபவர் என்று இரண்டே பேர் இருப்பதாக நினைப்பது தவறு. மூன்றாவது ஆள் ஒருவர் உண்டு. அவர் சாலையில் எதிரே வருகிறார். அலாய் வீலைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. நண்பர் விலையில் அவருக்குத் தம்படி லாபம் கிடையாது. சாதாரண பல்புக்காகச் செய்த முகப்பு விளக்கில் அதிகப் பிரகாசமான பல்பைச் செருகியவர் ஒருவர். அதைப் பாதி விலைக்கு வாங்கியவர் இன்னொருவர். கண் கூசிப் பள்ளத்தில் இறங்குகிறவர் மட்டும் சைக்கிளில் வந்த மூன்றாமவர்.

எல்லாவற்றையும்விட எனக்கு நடுக்கம் தருவது ஸ்டீயரிங் விஷயம். 2019 ஜூலை முதல் நம் நாட்டில் விற்கப்படும் புதுக் கார்களில் ஓட்டுநருக்குக் காற்றுப்பை கட்டாயம். அது ஸ்டீயரிங்கின் நடுவில்தான் மடிந்து கிடக்கிறது. அதைக் கழற்றிவிட்டுப் பந்தய ஸ்டீயரிங்கை மாட்டினால் காற்றுப்பையும் போய்விடும். வண்டியின் முகப்புப் பலகையில் எச்சரிக்கை விளக்கு எரியத் தொடங்கும். அந்த விளக்கை அணைக்க வழியும் வைத்திருக்கிறார்கள். சிறு ரெஸிஸ்டர் ஒன்றை ஒயரில் இணைத்தால், பை இருக்கிறது என்று வண்டி நம்பிவிடும். விற்கும்போது இந்த உபாயத்தையும் இலவச இணைப்பாகக் காதில் சொல்லிக் கொடுக்கிறார்கள். மனிதன் பொய் சொல்வது பழைய சங்கதி. இவர்கள் விளக்குக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுக்கிறார்கள். பிறகு அந்த வண்டியை வாங்கியவரின் மகள் ஓட்டுவாள். விளக்கு எரியவில்லை, ஆகவே பை இருக்கிறது என்று அவள் நம்புவாள். இந்த உதாரணத்தில் மகளைக் கொண்டுவந்தவன் நான் அல்ல. 1872-லேயே சட்டம் அவளைக் கொண்டுவந்துவிட்டது.

"இவையெல்லாம் பந்தயத்துக்கான உயர்ந்த சரக்கு" என்று சிலர் மார் தட்டுகிறார்கள். சோழவரத்துப் பழைய விமானத்தளத்தில் கார்ப் பந்தயம் நடந்த காலம் தொட்டு, இன்று இருங்காட்டுக்கோட்டையில் நடக்கும் பந்தயங்கள் வரை, வேகத்தை நேசிக்கும் பரம்பரை ஒன்று நம்மிடம் உண்டு. அதன்மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் பந்தயக்காரர்களின் ஒழுங்கைப் பாருங்கள். பரிசோதகர்கள் வண்டியைச் சோதித்த பிறகே அதைக் களத்தில் இறக்குகிறார்கள். சர்வதேசப் பந்தய விதிக்கு உட்பட்ட இருக்கைப் பட்டையில் காலாவதியாகும் வருஷத்தைத் துணியிலேயே தைத்து அனுப்புகிறார்கள். அந்த வருஷம் தாண்டிவிட்டால், பட்டை பார்க்கப் புதிது போல் இருந்தாலும் பந்தயத்துக்கு உதவாது. நம் ரசிகர் செய்வது என்ன? பந்தயத்துக்கு உதவாது என்று கழித்த அதே பட்டையை, 'பந்தயச் சரக்கு' என்று பந்தயமே ஓட்டாத பிள்ளைக்கு விற்கிறார். பந்தயத்தின் பெயர் மட்டும் வேண்டும்; அதன் ஒழுக்கம் வேண்டாம்!

சர்க்கார் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. பதிவுப் புத்தகத்தில் உள்ள விவரங்களுக்கும் உற்பத்தியாளர் வகுத்த அமைப்புக்கும் முரணாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. அதே வருஷம் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தில் 182-ஏ என்று ஒரு பிரிவு சேர்ந்தது. அனுமதி இல்லாத மாற்றம் செய்த சொந்தக்காரருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். முக்கியப் பாதுகாப்புப் பாகம் என்று மத்திய சர்க்கார் அறிவித்த பொருளை, விதிக்கு ஒவ்வாத நிலையில் விற்கிறவருக்கு ஒரு வருஷம் வரை சிறை, அல்லது பாகம் ஒன்றுக்கு ஒரு லட்ச ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். பரணிலிருந்து இறக்கும்போது இதையும் ஒரு தரம் நினைத்துக்கொள்ளலாம். ஆனால் சிறைக்குப் பயந்து உண்மை பேசுகிறவரைப் பற்றி எனக்கு அதிக அபிப்பிராயம் இல்லை. இன்ஸ்பெக்டர் இல்லாத தெருவில் அவர் என்ன பேசுவார் என்பதுதான் கேள்வி.

வாங்குகிறவர்களுக்கு நான் வக்காலத்து வாங்குவதாக யாரும் நினைக்க வேண்டாம். அவர்களில் பலரும் இந்த நாடகத்தில் சம பங்காளிகள். புதிதாக வாங்கினால் என்ன விலை என்று நன்றாகத் தெரியும். அதில் கால் பங்குக்கு ஒருவன் கொடுக்கிறான். பில் கிடையாது, பெட்டி கிடையாது. வந்த வழியும் சொல்லமாட்டான். இவரும் கேட்கமாட்டார். புகைக்குழாயில் இருக்கும் வினைமாற்றிக்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் முதலிய விலை உயர்ந்த உலோகங்கள் இருக்கின்றன. திருடர்கள் அதைத் தேடி அறுப்பதற்குக் காரணம் அதுதான். திருட்டுச் சொத்து என்று தெரிந்தோ, நம்பக் காரணம் இருந்தோ வாங்குவது குற்றம் என்று புதிய நியாய சம்ஹிதையின் 317-வது பிரிவு சொல்கிறது. கேள்வி கேட்காத வாங்குபவரும் உண்மை சொல்லாத விற்பவரும் ஒரே கூட்டுக் கம்பெனியின் பங்குதாரர்கள். ஒருவர் வாயை மூடிக்கொள்கிறார். மற்றவர் காதை மூடிக்கொள்கிறார்.

விலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. "நான் போட்ட பணத்தில் பாதிகூடக் கேட்கவில்லை" என்று ரசிகர் கண்கலங்குகிறார். அவர் போட்ட பணத்தில் மாட்டுக்கூலி இருக்கிறது; கழற்றுக்கூலி இருக்கிறது; ஒரு வருஷம் தெருவில் எல்லோரும் திரும்பிப் பார்த்த சந்தோஷம் இருக்கிறது. அந்தச் சந்தோஷத்தை அனுபவித்தவர் அவர். அதன் செலவைத் தம்பிமார் தலையில் வைப்பது என்ன நியாயம்? நாடகம் பார்த்துவிட்டு வெளியே வந்து டிக்கெட்டைப் பாதி விலைக்கு விற்க முடியுமா? ஆசைக்குச் செலவழித்த பணம் ஆசையோடு போயிற்று. மிச்சம் இருப்பது பழைய உலோகமும் பழைய ரப்பரும். அவற்றுக்கு உரிய விலையைக் கேட்டால் போதும்.

"இப்படிப் பேசினால் நல்லதொரு பழக்கத்தையே அழித்துவிடுவீர்கள்" என்று ஒரு சாரார் சொல்லக்கூடும். அழிப்பது யார்? 1970-ஆம் வருஷத்தில் ஜார்ஜ் அகெர்லாஃப் என்னும் அமெரிக்கப் பொருளாதாரப் பேராசிரியர் பழைய கார்ச் சந்தையைப் பற்றிக் கட்டுரை ஒன்று எழுதினார். அவருக்கு 2001-இல் நோபல் பரிசு கிடைத்ததற்கு அந்தக் கட்டுரை முக்கியக் காரணம். நாம் எலுமிச்சம்பழத்தைப் புதுக் காரின் சக்கரத்தில் வைத்து நசுக்குகிறோம். அமெரிக்காவில் மோசமான காருக்கே எலுமிச்சம்பழம் என்று பெயர். அவர் சொன்னது எளிய விஷயம். குறை விற்பவனுக்குத் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. ஆகையால் வாங்குபவன் எல்லாச் சரக்கையும் சந்தேகித்து விலையைக் குறைத்தே கேட்பான். அந்த விலைக்கு நல்ல சரக்குக்காரன் கொடுக்கமாட்டான், விலகிவிடுவான். கடைசியில் சந்தையில் எலுமிச்சம்பழம் மட்டுமே மிஞ்சும். சந்தையை அழிப்பது, கேள்வி கேட்கிற நான் அல்ல. பதில் சொல்லாத மௌனம்.

அழியக்கூடாத சந்தை இது என்பதாலேயே கோபம் வருகிறது. 1960-களில் சென்னையிலேயே செய்யப்பட்ட ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் வண்டியை இன்றும் யாரோ ஒருவர் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றுகிறார். பிரீமியர் பத்மினி 2001-இலும், அம்பாஸிடர் 2014-இலும் உற்பத்தி நின்றுபோயின. இந்தக் கிழட்டுக் குதிரைகள் ஓட வேண்டுமானால் ஒருவர் பரணில் இருப்பது இன்னொருவர் பட்டறைக்குப் போய்ச் சேரத்தான் வேண்டும். நாணயமாகச் செய்தால் இது வியாபாரத்துக்கும் மேற்பட்ட காரியம்.

நாணயமாகச் செய்பவர்களும் இருக்கிறார்கள். தஞ்சாவூர்ப் பக்கத்தில் ஃபியட் வண்டிகளிலேயே ஆயுளைக் கழித்த பெரியவர் ஒருவரை எனக்குத் தெரியும். தம்மிடம் இருந்த வெபர் கார்புரேட்டரை வாங்க வந்த பையனிடம் அவர் பேசியதை நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ஸார், இது நன்றாக வேலை செய்யுமா?" என்றான் பையன்.

"வேலை செய்யும், தம்பி. ஆனால் திராட்டில் கம்பி தேய்ந்திருக்கிறது. அந்த வழியாகக் காற்று இழுக்கும். ஐடிலிங் ஒரே சீராக நிற்காது. புதுசாக புஷ் போட்டுத்தான் மாட்ட வேண்டும். அந்தச் செலவைக் கழித்துக்கொண்டுதான் விலை சொல்லியிருக்கிறேன்."

"அதைச் சொல்லாமல் இருந்தால் எனக்குத் தெரிந்திருக்காதே, ஸார்!"

"எனக்குத் தெரிந்திருக்குமே, தம்பி" என்றார் பெரியவர். பிறகு ஒரு காகிதத்தில் எந்த வண்டியில் இருந்தது, எத்தனை வருஷம் ஓடியது, எதற்காகக் கழற்றினார் என்பதையெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டு, சாமானோடு சேர்த்துக் கட்டிக் கொடுத்தார்.

நான் கேட்பது அந்தக் காகிதம் ஒன்றுதான். எந்த வண்டியில் ஓடியது? எவ்வளவு காலம் ஓடியது? ஏன் கழற்றினீர்கள்? அறுத்தீர்களா, வெல்டிங் வைத்தீர்களா, வர்ணம் பூசினீர்களா? என்ன குறைகிறது? யார் செய்தது, பில் எங்கே? ஆறு கேள்விகளுக்கு ஆறு வரிப் பதில். இதற்குத் தமிழ்ப் புலமை வேண்டியதில்லை. இன்னும் ஒன்று. சில சாமான்களை விற்கவே கூடாது. வெல்டிங் வைத்த சக்கரம், வயதான டயர், விபத்தைப் பார்த்த இருக்கைப் பட்டை, பிரிக்கப்பட்ட காற்றுப்பை ஆகியவற்றைப் 'பார்த்து உபயோகித்துக்கொள்' என்று சொல்லிக் கொடுப்பதும் குற்றம்தான். அடுத்த கைக்கு அவர் அதைச் சொல்லாமல் விற்பார். அவற்றை வேறு யாரும் மாட்ட முடியாதபடி வெட்டிப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போடுவதுதான் யோக்கியமான முடிவு. கிடைக்கிற பணத்தில் ஒரு நல்ல காப்பி குடிக்கலாம். தூக்கமும் நன்றாக வரும்.

வாங்கப் போகிற வாசகர்களுக்கும் ஒரு விண்ணப்பம். காப்பியைக் குடியுங்கள், புராணத்தையும் கேளுங்கள். ஆனால் கூச்சப்படாதீர்கள். அந்த மூன்றாவது குதிரைக் கதையை மறக்காமல், கேள்வியை வாய்விட்டுக் கேளுங்கள். அப்போது அவர் சிரித்துக்கொண்டே, "நமக்குள்ளே என்ன?" என்பார். நீங்களும் சிரித்துக்கொண்டே பதில் சொல்லுங்கள்: "நமக்குள்ளே என்பதால்தான் கேட்கிறேன், ஸார். சக்கரத்தைக் கொஞ்சம் திருப்பிக் காட்டுங்கள்."